டோக்கன் இல்லாத வண்டி

வேலூரில், ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில்
ஒன்பது வருஷமாய் எனக்கு ராத்திரி டூட்டி.
டோக்கன் தொலைந்தது என்பவனிடம்
ஆர்.சி. புத்தகம் பார்ப்பேன், முகம் பார்ப்பேன்.
கல்கத்தாவிலிருந்து வந்தவர் நின்று அழுதாலும்
பேர் எழுதிக் கையெழுத்து வாங்காமல்
சங்கிலியை இறக்கியதில்லை.

போன செவ்வாய், விடியல் நாலு மணி.
பேங்கிலிருந்து மெசேஜ்:
முன்னூற்று எண்பது ரூபாய் கழிந்தது.
எதற்கு? வைரத்துக்கு.
செலின் கம்மலையே இன்னும் மீட்காதவன்
வைரம் வாங்கியிருக்கிறேன்.
பழைய போனை எபிக்குக் கொடுத்தபோது
என் கணக்கை அதிலிருந்து கழற்றவில்லை.
அந்தச் சங்கிலியை மட்டும் நானே இறக்கி வைத்திருந்தேன்.

பாலாற்றுப் பாலத்தின்மேல் ஹெல்மெட்டுக்குள்ளேயே
என்னென்னவோ திட்டிக்கொண்டு
விருதம்பட்டு போய்ச் சேர்ந்தேன்.
கீழே தண்ணீர் இல்லை. கருவேலம்தான்.

பதினொரு வயசு எபிக்கு.
போர்வைக்குள் முகம் நீலமாய் இருந்தது.
போனைப் பிடுங்கி
சாப்பாட்டு கேரியரில் போட்டு மூடினேன்.
அவன் அழவில்லை.
"நைனா, ஒரே ஒரு மெசேஜ் போட்டுட்டுத் தந்துடறேன்.
இல்லன்னா அண்ணன் கோச்சிக்கும்."

எந்த அண்ணன்?
எங்களுக்கு இவன் ஒருத்தன்தான்.

பேர் தெரியாது, கேமில் சுறா.
ஊர் தெரியாது, குரல் மட்டும் தெரியும்.
இவன் சாகப்போகும் நேரமெல்லாம்
எங்கிருந்தோ ஓடிவந்து காப்பாற்றுமாம்.
தங்கக் கலரில் சட்டை வாங்கித் தந்ததாம்.
"பதிலுக்கு இன்னா கேட்டாரு?"
ஸ்கூல் பேரு.
"அப்புறம்?"
அம்மா ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு
எத்தனை மணிக்குக் கிளம்பும்னு.
"அப்புறம்?"
ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.
"போட்டோ. சட்டை இல்லாம.
நான் இன்னும் அனுப்பல நைனா."

இன்னும்.

கை ஓங்கிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.
செலின் குறுக்கே வரவில்லை,
இட்லித் தட்டோடு நின்று பார்த்தாள்.
நான் கத்தி அனுப்பிய வண்டிக்காரன்
மறுநாள் பின்கேட்டில் நுழைவான்;
ஒன்பது வருஷத்தில் இது ஒன்று தெரியும் எனக்கு.
ஓங்கிய கையைக் கேரியர்மேல் வைத்தேன்.
"உம்மேல தப்பில்ல" என்றேன்.
அந்த மூன்று சொல்லைச் சொல்லி முடிக்க
கொஞ்ச நேரமாச்சு.

பத்துத் தொண்ணூற்றெட்டுக்குப் போன் போட்டோம்.
எதையும் அழிச்சிடாதீங்க என்றது ஒரு பெண் குரல்.
செலின் அன்று கம்பெனிக்குப் போகவில்லை.
எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தபின்
எபியே சுறாவை பிளாக் செய்தான்.
செய்துவிட்டு அழுதான்.
அவனுக்கு அது ஒரு சிநேகிதன் போன துக்கம்.
எனக்கு அது புரிய மதியமானது.

சாயங்காலம் கேட்டேன்: எனக்குக் கத்துக்குடு.
பாராசூட்டில் குதித்தேன். கூரைமேல் விழுந்தேன்.
கதவு தேடி சுவரை முட்டிக்கொண்டிருந்தேன்.
"நைனா, குனி! குனி நைனா!"
நிஜமாகவே குனிந்தேன், நாற்காலியில்.
நாற்பது விநாடியில் செத்தேன்.
எபி அப்படிச் சிரித்து நாளாயிற்று.

இப்போது ஒன்பது மணிக்கு
போன்கள் ஃபிரிட்ஜ் மேல் தூங்குகின்றன.
"உன்னுதும்தானே?" என்றான்.
எனக்கு டூட்டி இருக்குதே என்றேன்.
"டூட்டியில நீ ரீல்ஸ் பாக்கறது அம்மாவுக்குத் தெரியும்."
லீவு நாளில் என்னுடையதும் போகிறது.
முதல் ராத்திரி கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முழுசாய்ச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை.
சில நாள் அவன் முகத்தைக் கதவுபோல் சாத்திக்கொள்கிறான்.
தட்டுகிறேன். உடைப்பதில்லை.

நேற்று எட்டரை மணி. கேட்டில் கூட்டம்.
டோக்கன் இல்லாத கார் ஒன்று ஹாரன் அடிக்க,
உள்ளேயிருந்து ஒருவர்,
"தெரிஞ்சவங்கதாம்பா, விடு" என்கிறார்.
அந்நேரம் செலின் நம்பரிலிருந்து எபி:
"நைனா, புதுசா ஒருத்தன் கூப்பிடறான்.
என் பேரு அவனுக்குத் தெரியுது.
இன்னா பண்ணட்டும்?"

காரை ஓரம் கட்டச் சொன்னேன்.
"லைன்லயே இரு" என்றேன், "வெச்சிடாத."